நாரைப்பேரிக் குளத்துக்கு வளைகாப்பு

நாரைப்பேரிக் குளம் ஒரு மார்கழி வெள்ளிக்கிழமை காலை எட்டே காலுக்குத் தன் முதல் ஏப்பத்தை விட்டபோது ஊரில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் பாதி ஊர் காலைச் சாப்பாட்டை முடித்து ஏப்பம் விட்டுக்கொண்டுதான் இருந்தது, மீதி ஊர் அது பக்கத்து வீட்டுக்காரன் விட்டது என்று நினைத்தது. மறுநாளும் எட்டே காலுக்கு வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. கல்யாணப் பந்தியில் மூன்றாம் முறை பாயசம் கேட்டு வாங்கிய சித்தப்பா விடுகிற ஏப்பம் போல ஆழமாக, நிதானமாக, யூரியா வாடையும் பாசி வாடையுமாக அது தெருத்தெருவாகப் போய்த் திரும்பியது. ஒரு வாரத்தில் ஊர் பழகிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் மணி அடிப்பதை நிறுத்திவிட்டுக் குளத்தின் ஏப்பத்துக்குப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினார்கள், மினிபஸ் டிரைவர் ஏப்பத்துக்கு முன்னால் ஒரு நடை, பின்னால் ஒரு நடை என்று கணக்கு வைத்துக்கொண்டார், பெண் பார்க்க வருகிற வெளியூர்க்காரர்களிடம் ஒன்பது மணிக்கு மேல் நல்ல நேரம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

தை பிறந்ததும் குளம் வீங்கத் தொடங்கியது. தண்ணீர் ஏறிக் கரையைத் தொடுவது எல்லாக் குளமும் செய்கிற காரியம், இது அப்படியில்லை. ஓரத்துத் தண்ணீர் இருந்த இடத்திலேயே கிடக்க, நடுவில் மட்டும் பச்சைப் பசேலென்று, வழவழவென்று, ஒரு சொட்டுகூட வழியாமல் மேடு கட்டி எழும்பியது. மாசியில் முழங்கால் உயரம், பங்குனியில் இடுப்பு உயரம், சித்திரையில் வற்றி வெடித்துக் கிரிக்கெட் மைதானமாகக் கிடக்க வேண்டிய குளம் இரண்டு ஆள் உயரத்துக்கு உருண்டு திரண்டு நின்றது. மேட்டில் ஏறி நிற்கப் பார்த்த கொக்குகள் வழுக்கி வழுக்கி விழுந்தன. துணி துவைக்க வந்த பெண்கள் படித்துறையில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள், பிறகு குனிந்து துவைக்கத் தொடங்கினார்கள். அழுக்குத் துணி யாருக்காகவும் காத்திருக்காது.

ஏழு பெற்று ஏழையும் ஆளாக்கிய வெள்ளைத்தாய்தான் முதலில் விஷயத்தைச் சொன்னாள். காலையானால் ஏப்பம், மடைவாயில் பச்சை பச்சையாக நுரை, போதாததற்கு முந்தின நாள் கரையோரப் புளியமரத்தின் தாழ்ந்த கிளையில் இருந்த பழங்களைத் தண்ணீர் ஒரு சாண் எட்டிப் பறித்ததை அவள் இரண்டு கண்ணாலும் பார்த்திருக்கிறாள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும். குளம் மாசமாக இருக்கிறது, ஐந்தாவது மாதம். முழுகாமல் இருக்கிறது என்று ஒரு குளத்தைப் பற்றிப் பேசிய ஊர் உலகத்திலேயே நாரைப்பேரி ஒன்றுதான் இருக்கும், ஆனால் அதைச் சொன்னபோது அங்கே யாரும் சிரிக்கவில்லை. அன்று மாலைக்குள் அது என்பது அவள் ஆனது. பெண்கள் துணியைக் கல்லில் ஓங்கி அடிப்பதை விட்டுவிட்டு மெதுவாகக் கும்மினார்கள். ஆண்கள் குளத்தைப் பார்த்துப் பல் விளக்குவதை விட்டுவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு விளக்கினார்கள். ஊர்த்தலைவர் கரையில் ஒரு பலகை நட்டு, வாகனங்கள் ஹாரன் அடிக்கக் கூடாது என்று எழுதினார்.

யார் அப்பன் என்ற கேள்வி வந்தது, வராமல் இருக்குமா. பெரிய மழையைச் சொன்னார்கள், மேற்கே இருக்கிற மலையைச் சொன்னார்கள், இரண்டு பேர் பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டியைச் சந்தேகப்பட்டார்கள். பிறகு நல்ல காரியம் நடக்கிற வீட்டில் இதெல்லாம் எதற்கு என்று விட்டுவிட்டார்கள்.

ஊரில் இதை நம்பாத ஒரே ஆள் ஆவுடையம்மாள். அவள் முப்பத்து நான்கு வருஷம் அந்தச் சுற்று வட்டாரத்தில் கிராம நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். நாரைப்பேரியில் இருபது வயதிலிருந்து நாற்பது வயதுக்குள் இருக்கிற அத்தனை பேரையும் முதன்முதலில் தலைகீழாகத் தூக்கிப் பிடித்தவள் அவள்தான், அதனால் அவளிடம் யாரும் பெரிய மனுஷத்தனம் காட்ட முடியாது. அவளிடம் ஒரு கர்வம் உண்டு. நோயாளியின் வீட்டாரிடம் அவள் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. பிழைக்காது என்றால் பிழைக்காது என்பாள், பெண் என்றால் பெண் என்பாள், மாமியார் முகம் சுருங்கினால் அது மாமியாரின் பாடு. அவள் பரணிலிருந்து பழைய அலுமினியக் குழலை, வயிற்றில் வைத்துப் பிள்ளையின் துடிப்பைக் கேட்கிற குழலை எடுத்துத் துடைத்துக்கொண்டு குளத்துக்குப் போனாள். சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகி, தண்ணீரில் இறங்கி நடந்து, மேட்டின் சரிவில் குழலை வைத்துக் காதைக் கொடுத்தாள். கரை முழுக்க ஜனம். உள்ளே கடகடவென்று உருண்டது, கொடகொடவென்று கொதித்தது, வேறு ஒன்றும் இல்லை.

"பிள்ளையுமில்ல, ஒண்ணுமில்ல. செரிக்காம கெடக்கு. கண்டதையும் குடிச்சா வயிறு ஊதாம என்ன செய்யும்?" என்றாள்.

ஊர் அவளை இரக்கத்தோடு பார்த்தது. ரிட்டையர் ஆனால் எல்லாருக்கும் இப்படித்தான் என்று பேசிக்கொண்டார்கள்.

கண்டது என்று அவள் சொன்னது எது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்கிற வழக்கம் அங்கே இல்லை. மேற்கேயிருந்து வருகிற ஓடை எழுபது எண்பது வயல்களுக்கு நடுவில் புகுந்து குளத்தில் விழுகிறது. ஒரு காலத்தில் அந்த ஓடையின் இரண்டு கரையிலும் வண்டி போகும், கரை முழுக்கப் புல்லும் நாணலும் மண்டிக் கிடக்கும், வயலில் வழிகிற தண்ணீர் அந்தப் புல்லுக்குள் புகுந்து தடுக்கித் தடுக்கித்தான் ஓடையில் இறங்கும். பிறகு வருஷாவருஷம் பிசானப் பருவ நடவுக்கு வரப்பு செதுக்குகிறபோது ஒவ்வொருவருடைய மண்வெட்டியும் ஓடைப் பக்கம் ஒரு விரல் தள்ளி விழுந்தது. ஒரு விரல்தானே. கேட்டால் கை தவறிவிட்டது என்பார்கள். நாற்பது வருஷம் ஊரே கை தவறி, வண்டி போன கரையில் இப்போது ஆடு போனால்கூட ஒன்றன் பின் ஒன்றாகத்தான் போக வேண்டும். மழை பெய்தால் வயலில் போட்ட யூரியாவும் டிஏபியும் பூச்சி மருந்தும் தடுக்க ஒரு புல் இல்லாமல் நேரே குளத்தின் வாயில் போய் விழுந்தன.

அந்த மண்வெட்டிகளில் ஒன்று ஆவுடையம்மாளுடையது. அவளுக்கு இருந்தது ஒன்றரை ஏக்கர், ஓடை குளத்தில் விழுகிற முனையில். பக்கத்து வயல் அவள் கொழுந்தன் மாசானமுத்துவுடையது. இரண்டுக்கும் நடுவில் குளத்துத் தண்ணீர் வரைக்கும் இறங்கிப் போகிற இரண்டடி வரப்பு யாருக்கு என்று, புருஷன் இறந்த வருஷத்திலிருந்து பதினெட்டு வருஷம் அவள் கோர்ட்டுக்கு நடந்தாள். பிரசவம் பார்த்த கையோடு டெட்டால் வாசனையுடன் பஸ் ஏறிப் போய் வாய்தா வாங்கி வந்த நாட்கள் உண்டு. கடைசியில் வரப்பு அவளுக்கே என்று தீர்ப்பு வந்தது. அந்த மண்ணில் ஒரு பிடியைக்கூட அவள் யாருக்கும் விடமாட்டாள். தீர்ப்பு வருவதற்கு முன்னால், வரப்பு கைவிட்டுப் போய்விடுமோ என்று பயந்த ஒவ்வொரு வருஷமும் அந்த இரண்டடிக்கு ஈடாக அவள் ஓடைக்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி வயலோடு சேர்த்துக்கொண்டாள். மாசானமுத்துவும் அதையேதான் செய்தார். இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை.

இந்த நேரத்தில்தான் வேளாண்மை அலுவலகத்திலிருந்து தேவசகாயம் வந்தார். மெலிந்த மனுஷர், அதிர்ந்து பேசத் தெரியாதவர், பெட்டி நிறைய விண்ணப்பங்களோடு ஆலமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஓடையை ஒட்டியும் குளத்தை ஒட்டியும் இருக்கிறவர்கள் வயலில் பதினைந்து அடியை உழாமல் விட்டு, அவர் தருகிற வெட்டிவேர்ப் புல்லை நட்டு வளர்த்தால், அந்தப் பதினைந்து அடிக்கு வருஷா வருஷம் அரசாங்கம் ஊக்கத்தொகை கொடுக்கும். புல் உரத்தைப் பிடித்துக்கொள்ளும், குளம் பிழைக்கும். சொல்லிவிட்டு அவர் ஒரு வார்த்தை சேர்த்தார், அதுதான் வினையாயிற்று. "கட்டாயமில்லைங்க. விருப்பப்பட்டவங்க மட்டும் கையெழுத்துப் போட்டாப் போதும்."

நாரைப்பேரிக்குக் கட்டாயம் தெரியும். கட்டாயம் என்றால் மனுக் கொடுப்பார்கள், சாலை மறிப்பார்கள், கடைசியில் செய்துவிடுவார்கள். இலவசம் தெரியும், விடியுமுன் வரிசையில் நிற்பார்கள். விருப்பம் என்றால் என்ன செய்வது என்று அந்த ஊருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கட்டாயமில்லாத ஒன்றை ஒருவன் செய்தால் அதில் என்னவோ இருக்கிறது என்று மற்றவன் பார்ப்பான், எதுவும் இல்லாமல் செய்தால் கோட்டிக்காரன், புத்தி பிசகினவன் என்பான். நான்கு நாள் தேவசகாயம் உட்கார்ந்திருந்தார். மோர் கொடுத்தார்கள், இளநீர் கொடுத்தார்கள், கையெழுத்து மட்டும் கொடுக்கவில்லை. ஆவுடையம்மாள் விண்ணப்பத்தை வாங்கி, பதினைந்து அடி என்ற இடத்தை மூன்று முறை படித்து, நாலாக மடித்து முந்தியில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போனாள். குளத்துக்கு என்ன நோய் என்று சத்தமாகச் சொன்னவள் மருந்து தன் வயலில் இருக்கிறது என்றதும் வாயை மூடிக்கொண்டாள்.

ஆனி மாதம் குளத்துக்கு ஏழு. வளைகாப்பு போடாமல் விட்டால் ஊருக்கு ஆகாது என்று தாய்வீட்டைத் தேடினார்கள். ஓடை பிறக்கிற மேலூர்தானே தாய்வீடு. மேலூர்க்காரர்களும் மறுக்கவில்லை, தங்கள் பெண்ணைத் தாங்கள் கவனிக்கவில்லை என்ற பேச்சு வந்துவிடக் கூடாது என்று மேளத்தோடு வந்தார்கள். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, எள்ளுச் சோறு, தயிர்ச் சோறு என்று அண்டா அண்டாவாக இறக்கினார்கள். பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்களைக் கயிற்றில் கோத்துக் குளத்தைச் சுற்றிப் பெண்கள் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோய்ப் போட்டார்கள், சந்தனத்தைப் படித்துறைக் கல்லில் பூசினார்கள். அதோடு விட்டிருந்தால் தப்பியிருக்கும். மாசமான பெண்ணுக்குச் சத்து வேண்டும், குளத்துக்குச் சத்து என்றால் எது என்று யோசித்து, வீட்டுக்கு ஒரு மூட்டை யூரியாவுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துத் தட்டில் தூக்கி வந்து, உன் வயிறு நிறைய வேண்டும் ஆத்தா என்று கும்பிட்டுக் கொட்டினார்கள். ஆவுடையம்மாள் குறுக்கே விழுந்து தடுத்தாள். பிள்ளை பெறாதவளுக்குப் பொறாமை என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். அவள் கையைக் கீழே போட்டாள்.

மறுநாள் காலை எட்டே காலுக்கு ஏப்பம் வரவில்லை. பள்ளிக்கூடம் பத்து மணி வரைக்கும் தொடங்கவில்லை. குளத்தின் மேடு கோவில் கோபுரத்துக்குச் சமமாக ஏறி, பச்சை கறுத்து, தோல் இழுத்துக் கட்டிய மாதிரி விண்ணென்று நின்றது. கெளுத்தியும் விராலும் ஓரத்தில் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. கரையில் கீழத்தெருவுக்கு நேராக ஒரு விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு ஓடியிருந்தது. ஆவுடையம்மாள் குழலை வைத்துக் கேட்டாள். உருட்டல் நின்றுபோயிருந்தது. இழுத்து இழுத்து வாங்குகிற மூச்சு ஒன்று மட்டும் கேட்டது, அதை அவள் பல வீடுகளில் கேட்டிருக்கிறாள், அதற்குப் பிறகு என்ன வரும் என்பதும் அவளுக்குத் தெரியும். குளம் செத்துக்கொண்டிருந்தது. செத்தால் மேடு உடையும், மேடு உடைந்தால் கீழத்தெருவில் இருக்கிற முப்பது வீடும் இராது. அந்த முப்பது வீட்டிலும் அவள் பிரசவம் பார்த்திருக்கிறாள்.

அவள் கரையேறி நின்றாள். சேலையிலிருந்து பச்சைத் தண்ணீர் சொட்டியது. முப்பத்து நான்கு வருஷத்தில் சொல்லாததை அன்றைக்குச் சொன்னாள்.

"நான் தப்பாச் சொல்லிட்டேன். பிள்ளை இருக்கு. தலை மேல நிக்கி, கஷ்டமான பேறு. நான் பாக்கணும்னா நான் சொல்லுதபடி கேக்கணும். இன்னையிலேருந்து பத்தியம். ஒரு பொட்டு உரம் அவ வாயில விழக் கூடாது. சுத்தி மறைப்புக் கட்டணும். தெறந்த வெளியில போட்டா ஒரு பொம்பளைக்குப் பேறு பாப்பிய?"

பத்தியம் என்ற சொல்லுக்கு அந்த ஊரில் எதிர்ப்பேச்சு கிடையாது. விண்ணப்பம் வேண்டாம், விளக்கம் வேண்டாம், ஊக்கத்தொகை வேண்டாம். பெண்கள் ஒரே குரலில் ஆமாம் போட்டார்கள், ஆண்கள் தலையாட்டினார்கள், வெள்ளைத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு நான்தான் அப்பவே சொன்னேனே என்றாள். மறைப்பு எதில் என்று கேட்டார்கள். பச்சைப் புல்லில், ஆள் உயரத்துக்கு, பதினைந்து அடி அகலத்தில், குளத்தைச் சுற்றியும் ஓடைக் கரை நெடுகவும் என்றாள். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள், ஏனென்றால் ஓடை குளத்தில் விழுகிற முனையில் இருப்பது அவள் வயல்.

உச்சி வெயிலில் அவள் மண்வெட்டியோடு இறங்கினாள். பத்து நாள் பயிர், கோர்ட்டுப் படி ஏறி இறங்கி மீட்ட மண். பதினைந்து அடியை அளந்து கயிறு கட்டிவிட்டு முதல் வெட்டுப் போடக் கை வரவில்லை. பக்கத்து வயலில் மாசானமுத்து குடையைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார். அவர் பார்க்கிறார் என்பதாலேயே அவள் வெட்டினாள். பயிரை மண்ணோடு வெட்டிப் புரட்டி, தேவசகாயம் கொண்டுவந்து இறக்கிய வெட்டிவேர் நாற்றை ஒவ்வொன்றாக நட்டாள், நடும்போது அழுதாள், அழுவதை மறைக்கவும் இல்லை. முந்தியில் முடிந்திருந்த விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு ஊர் தாமதிக்கவில்லை. மறைப்பில் ஒரு பக்கம் திறந்து கிடந்தால் அது யார் வயல் என்று ஊரே கேட்கும், அந்த மானக்கேட்டை யாராலும் தாங்க முடியாது. தேவசகாயம் ஒவ்வொருவரிடமும் கட்டாயமில்லை, கட்டாயமில்லை என்று சொல்லிக்கொண்டே ஓடினார், அவர்கள் அவரைத் தள்ளிவிட்டு நாற்றைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். விண்ணப்பம் தீர்ந்து பக்கத்து ஊருக்கு ஆள் அனுப்பினார். ஆடியில் புல் வேர் பிடித்தது, ஆவணியில் இடுப்புக்கு வந்தது, ஓடைத் தண்ணீர் புல்லுக்குள் தடுமாறித் தெளிந்து இறங்கியது. மேடு கோபுரத்திலிருந்து இறங்கித் தென்னை உயரமானது. ஏப்பம் திரும்பி வந்தது, எட்டே கால் என்பது எட்டரை ஆகி, சத்தமும் குறைந்தது. ஆனால் முழுக்க இறங்கவில்லை. ஏனென்றால் சுற்றிலும் நின்ற பச்சை மறைப்பில் ஒரே ஓர் இடத்தில் வாசல் மாதிரி ஓட்டை இருந்தது. மாசானமுத்து புல் நடவில்லை. மேலே மற்றவர்கள் போடாமல் விட்டதற்கெல்லாம் சேர்த்து அவர் தன் வயலில் யூரியாவைப் போட்டார், போட்டது எல்லாம் அந்த வாசல் வழியாகக் குளத்துக்குள் போயிற்று.

ஊர் போய்ப் பேசிப் பார்த்தது, அவர் தன் வாசற்கதவைச் சாத்திக்கொண்டார். புரட்டாசி பிறந்தது. பத்தாவது மாதம். கரையில் வெடிப்பு கை நுழைகிற அளவுக்கு ஆகிவிட்டது. ஆவுடையம்மாள் ஒரு காலைப்பொழுது அவர் வயலுக்கு நடந்தாள். வழக்குத் தொடங்கியதிலிருந்து முதல் தடவையாக அவள் அவரிடம் பேசினாள், சுற்றி வளைக்கவில்லை.

"வரப்ப நீயே வச்சிக்க. எழுதித் தாரேன். பதிலுக்கு ஒன் வயல்ல புல்ல நடு."

மாசானமுத்துவுக்கு முகம் கறுத்தது. "கோர்ட்டு ஒங்களுக்குக் குடுத்தத நீங்க எனக்கு பிச்சை போடுதியளோ? எனக்கு வேண்டாம். பிள்ளை இருக்குன்னு ஊரையே ஏமாத்தி வச்சிருக்கிய. பதினெட்டு வருசம் எதிர்க்கூண்டுல நின்னு ஒங்க மொகத்தப் பாத்தவன் நான். நீங்க பொய் சொன்னா எனக்குத் தெரியாதா மதினி?"

மதினி என்று அவர் சொன்னதை இருவருமே கவனித்தார்கள், கவனிக்காத மாதிரி நின்றார்கள். ஆவுடையம்மாளுக்கு அதற்கு மேல் பொய்யைத் தூக்கிச் சுமக்கத் தெம்பில்லை.

"ஆமா. பொய்தான். செரிக்காமதான் சாவுதா. நீயே வந்து கேளு," என்று குழலை நீட்டினாள்.

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். தன் வயலுக்கு நேராக, புல்லில்லாத அந்த வாசலில், குழலைத் தண்ணீரில் வைத்துக் காதைக் கொடுத்தார். கேட்டார். குழலை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி கேட்டார்.

"மதினி, ரெண்டு கேக்கு," என்றார்.

கேலி செய்கிறார் என்று நினைத்து அவள் குழலைப் பிடுங்கிக் காதில் வைத்தாள். பெரிதாக, மெதுவாக, அடங்கி ஒரு துடிப்பு. அதற்கு அடியில், வேகமாக, சின்னதாக, ஓடிவருகிற ஆட்டுக்குட்டியின் குளம்பு போல இன்னொன்று. ஆயிரம் முறை கேட்ட சத்தம், அவளுக்குத் தப்பாது. நடுநடுவே அது தடுக்கி நின்றது, நின்று திரும்ப ஓடியது. அவள் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டாள். முதல் முறை அவள் கேட்டபோது அவ்வளவு இரைச்சலுக்குள் அது எங்கோ கிடந்திருக்கிறது, அவளுக்குத்தான் கேட்கவில்லை. தான் உண்மை என்று சொன்னதுதான் தப்பு, பொய் என்று நினைத்துச் சொன்னதுதான் உண்மை என்பது புரிந்து, அவளுக்கு வெட்கமும் சந்தோஷமும் சேர்ந்து வந்தன.

மாசானமுத்து கரையேறிப் போனார். கதிர் பிடிக்கிற பருவத்தில் நின்ற பயிரில் மண்வெட்டியைப் போட்டார். பதினைந்து அடிக்குக் கயிறு கட்டவில்லை, மதினியின் புல் எதுவரை என்று எட்டிப் பார்த்துவிட்டு இருபது அடிக்குக் கட்டினார். ஊர்க்காரர்கள் தங்கள் தங்கள் புல்லிலிருந்து ஒரு தூர் பிடுங்கிக் கொண்டுவந்து கொடுத்தார்கள், மாலைக்குள் வாசல் மூடிற்று.

ஐப்பசி முதல் மழையில், பட்டப்பகலில், குளம் பெருமூச்சு விட்டது. மேடு மெல்ல மெல்ல இறங்கித் தண்ணீரோடு தண்ணீராகப் படுத்தது. கறுப்புப் போய், பச்சை போய், அடியில் கிடக்கிற கண்ணாடி வளையல்கள் பச்சை எது சிவப்பு எது என்று தெரிகிற அளவுக்குத் தெளிந்தது. கூட்டம் தொட்டிலோடு வந்து நின்று பிள்ளை எங்கே என்று ஆவுடையம்மாளைக் கேட்டது. அவளும் தேடினாள். அப்போது வயல் பக்கமிருந்து விக்கல் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், கோர்ட்டில் பதினெட்டு வருஷம் கிடந்த அந்த இரண்டடி வரப்பு இருந்த இடத்தில், இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் என்று இரண்டு வயலிலும் உடம்பைப் போட்டுக்கொண்டு, மாட்டுவண்டி அளவுக்கு வட்டமாக ஒரு குட்டிக் குளம் படுத்திருந்தது. வரப்பைக் காணோம். குட்டி விக்கியது, விக்கும்போதெல்லாம் ஒரு சின்ன அலை எழுந்து கரையில் நின்றவர்களின் கால்விரலை நனைத்தது. வெள்ளைத்தாய் குலவையிட்டாள். தொட்டில் எதற்கும் உதவவில்லை, அதில் சர்க்கரையை வைத்து எல்லாருக்கும் வழங்கினார்கள்.

அடுத்த வருஷம் தேவசகாயம் நாடாவோடு அளக்க வந்தார். எந்த வயலிலும் அளவு ஒத்துவரவில்லை. பதினைந்து அடி எழுதிய இடத்தில் பதினெட்டு இருந்தது, பதினெட்டு என்று திருத்தி மறுநாள் வந்தால் இருபது இருந்தது. பழைய கை பழையபடிதான் தவறியது, வரப்பு செதுக்குகிறபோது ஒரு விரல், யாரும் பார்க்காதபோது இன்னொரு விரல், ஆனால் இப்போது வயல் பக்கமாக. பதினைந்து அடிக்கு மேல் விட்டால் அதற்கு ஊக்கத்தொகை கிடையாது, நீங்கள் விட வேண்டியதில்லை என்று அவர் கெஞ்சினார். கட்டாயமில்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று அவருக்கு மோர் கொடுத்தார்கள்.

அன்று காலையில் ஆவுடையம்மாள் குட்டிக் குளத்தின் ஓரத்தில் குந்தி, குழலை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். புல்லை விலக்கிக்கொண்டு மாசானமுத்து வந்து, கொஞ்சம் தள்ளி நின்றார்.

"என்ன சொல்லுது மதினி?"

"பசிக்குதாம்."

அவர் பதறிப்போய் அங்குமிங்கும் பார்த்தார். "என்னத்தக் குடுப்போம்?"

"ஒண்ணும் குடுக்காத," என்றாள். "அதத்தான் கேக்கு."

மாசானமுத்து இரண்டு கையையும் வெறுமனே விரித்துக் குட்டியிடம் காட்டிவிட்டு, அவளுக்குப் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தார்.